ஒரு நகரம், ஒரு புத்தகம்: ஊர் முழுக்கச் சேர்ந்து வாசிக்க முழுமையான வழிகாட்டி

ஒரு நல்ல நாவலைப் படித்து முடித்த இரவில், அதைப் பற்றிப் பேச ஒருவரும் கிடைக்காமல் தவித்தவர்களுக்கு இந்தத் திட்டத்தின் அருமை உடனே புரியும். பேருந்தில் பக்கத்து இருக்கையில் இருப்பவர், மருந்துக்கடைக்காரர், பிள்ளையின் வகுப்பாசிரியர் என எல்லோரும் ஒரே மாதத்தில் ஒரே புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும்? இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாகப் பல நகரங்கள் இதைச் செய்து பார்த்துவருகின்றன.

தொடக்கம் 1998இல், அமெரிக்காவின் சியாட்டில் நகரில். அங்குள்ள பொது நூலகத்தைச் சேர்ந்த நான்சி பேர்ல் என்ற நூலகர், 'சியாட்டில் முழுவதும் ஒரே புத்தகத்தைப் படித்தால்' என்ற பெயரில் இதை ஆரம்பித்தார். முதலில் எடுத்துக்கொண்ட நூல் ரசல் பாங்க்ஸ் எழுதிய 'த ஸ்வீட் ஹியராஃப்டர்'. பள்ளிப் பேருந்து விபத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்த ஒரு சிற்றூரின் கதை அது. நான்கு பேர் தங்கள் தங்கள் பக்கத்திலிருந்து சொல்கிறார்கள்; பழி யார்மேல் என்பதில் ஒருவர் சொல்வதும் இன்னொருவர் சொல்வதும் ஒத்துப்போவதில்லை. 2001இல் சிகாகோ இதே எண்ணத்தைக் கையில் எடுத்து, ஹார்ப்பர் லீயின் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' நாவலை வாசித்தது. வியன்னா 2002இலும் டப்ளின் 2006இலும் தொடங்கின.

இந்த நகரங்களின் அனுபவத்திலிருந்தும், வாசகர் வட்டங்களில் உட்கார்ந்து பார்த்ததிலிருந்தும் நான் உறுதியாக நம்புவது ஒன்றுதான்: இந்தத் திட்டத்தில் வாசிப்பு பாதி, பேச்சு பாதி. முன்பின் தெரியாத இரண்டு பேர் அரைமணி நேரம் மனம்விட்டுப் பேச ஒரு காரணம் கிடைக்கிறது. அந்தக் காரணம் ஒரு கதையாக இருப்பதால், தங்கள் சொந்த விஷயத்தைச் சொல்லாமலேயே சொல்லிவிட முடிகிறது. அதனால் எந்த முடிவை எடுக்கும்போதும் 'இதனால் பேச்சு கூடுமா?' என்று கேட்டுக்கொள்ளுங்கள். கீழே வரும் ஒவ்வொரு படியிலும் அந்தக் கேள்வி இருக்கிறது.

படி 1: ஆட்களைச் சேருங்கள்

ஐந்து முதல் ஏழு பேர் கொண்ட ஒரு சிறிய பொறுப்புக் குழு போதும். அதில் பொது நூலகத்திலிருந்து ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். புத்தகம் வாங்குவது, இரவல் கொடுப்பது, கணக்கு வைப்பது, இடம் கொடுப்பது எல்லாம் நூலகத்துக்குப் பழக்கமான வேலை. அப்புறம் ஒரு ஆசிரியர், ஒரு புத்தகக் கடைக்காரர், நகரின் வேறு வேறு பகுதிகளில் நன்கு அறிமுகமான இரண்டு பேர். இலக்கியத்தோடு தொடர்பே இல்லாத ஒருவரையும் சேருங்கள். "இது எனக்குப் புரியவில்லை" என்று கூச்சமில்லாமல் சொல்லும் ஒரு குரல் அந்த மேசையில் இல்லையென்றால், முழுத் திட்டமும் ஏற்கெனவே நிறையப் படிப்பவர்களுக்கான ஒன்றாகச் சுருங்கிவிடும்.

யார் இறுதிப் பொறுப்பு என்பதை முதல் கூட்டத்திலேயே எழுதி வையுங்கள். எல்லோருக்கும் பொறுப்பு என்றால் ஒருவரும் தொலைபேசியை எடுக்க மாட்டார்கள்.

படி 2: காலத்தைக் குறியுங்கள்

முதல் முறை செய்பவர்களுக்கு ஒரு வருடம் முன்னதாகத் தொடங்குவது நல்லது. புத்தகத் தேர்வுக்கு மூன்று மாதம், உரிமை பேசவும் பிரதிகள் அச்சாகி வரவும் மூன்று நான்கு மாதம், கலந்துரையாடல் நடத்துபவர்களைப் பழக்க ஒன்றிரண்டு மாதம் என்று கூட்டிப் பார்த்தாலே பத்து மாதம் நெருங்கிவிடும். மீதி, எதிர்பாராத தாமதத்துக்கு.

வாசிப்புக் காலம் எட்டு வாரம் இருக்கட்டும். கணக்கு எளிது. வேலையும் வீடும் உள்ள ஒருவர் படுக்கப்போகும் முன் பத்துப் பக்கம் படிப்பார் என்று வையுங்கள். 240 பக்க நூலுக்கு 24 நாள். படிக்காமல் விடும் நாள்களையும் சேர்த்தால் ஐந்தாறு வாரம் ஆகும். புத்தகம் கையில் வந்து சேரவும் நேரம் வேண்டும். தேர்வுக் காலம், தேர்தல் காலம், நீண்ட விடுமுறை மூன்றையும் தவிர்த்துவிடுங்கள். டப்ளின் ஒவ்வொரு ஆண்டும் ஏப்ரல் மாதத்தை இதற்கென்று வைத்திருக்கிறது. அப்படி மாறாத ஒரு மாதம் இருந்தால் மக்களுக்கும் நினைவில் நிற்கும்; பள்ளிகளும் தங்கள் ஆண்டுத் திட்டத்தில் இடம் ஒதுக்க முடியும்.

படி 3: புத்தகத்தைத் தேர்ந்தெடுங்கள்

இதுதான் கடினமான படி. இங்கே அவசரப்பட்டால் பின்னால் எவ்வளவு உழைத்தாலும் சரிசெய்ய முடியாது.

பெயர்கள் வருவதற்கு முன்னாலேயே, முடிவு எப்படி எடுக்கப்படும் என்பதைத் தீர்மானியுங்கள். ஓட்டெடுப்பா, ஒருமித்த கருத்தா, ஓட்டு சமமானால் யார் முடிவெடுப்பது என்று எல்லாமே. 2002இல் நியூயார்க் நகரம் இதே முயற்சியில் இறங்கியபோது, தேர்வுக்குழு இரண்டு நூல்களுக்கு நடுவே பிளவுபட்டு நின்றது. நகரம் முழுவதும் ஒரே நூல் என்ற எண்ணம் நிறைவேறாமலே போனது. அவ்வளவு நூலகங்களும் பதிப்பகங்களும் உள்ள ஊருக்கே அப்படி நேர்ந்தது என்றால், விதியை முன்கூட்டியே எழுதி வைப்பது எவ்வளவு முக்கியம் என்று புரியும்.

பொதுமக்களிடம் பரிந்துரை கேளுங்கள். ஆனால் இறுதித் தேர்வை முழுக்க ஓட்டுக்கு விட வேண்டாம் என்பது என் கருத்து. புகழ்பெற்ற ஒருவரின் ரசிகர்கள் திரண்டு வந்து ஓட்டுப் போட்டுவிட்டால், மற்றவர்களுக்கு அது 'அவர்களுடைய புத்தகம்' ஆகிவிடும். குழு மூன்று நூல்களாகச் சுருக்கிக் கொடுத்து, அதில் ஒன்றை மக்கள் தேர்ந்தெடுக்கட்டும். எது வென்றாலும் நிகழ்ச்சி நடத்த முடியும் என்ற நிலையில் இருக்கும் மூன்று.

சரி, எந்த மாதிரி நூல்? முதலில் நடைமுறைச் சல்லடை. 300 பக்கத்துக்குள் இருக்க வேண்டும். அச்சில் கிடைக்க வேண்டும், அல்லது மறுபதிப்புக்குப் பதிப்பாளர் சம்மதிக்க வேண்டும். நகரில் பேசப்படும் முக்கியமான மொழிகளில் மொழிபெயர்ப்பு இருந்தாலோ செய்ய முடிந்தாலோ மிக நல்லது. ஒலிப்புத்தகம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இந்தச் சல்லடையில் பாதிப் பட்டியல் விழுந்துவிடும்.

அடுத்தது உள்ளடக்கம். நல்ல மனமும் நிதானமும் உள்ள இரண்டு பேர் படித்துவிட்டு எதிரெதிர் முடிவுக்கு வரக்கூடிய நூலைத் தேடுங்கள். அவள் வீட்டை விட்டுப் போனது சரியா? அந்த அண்ணன் உண்மையை மறைத்தது அன்பா, கோழைத்தனமா? இப்படி ஒரு கேள்வி கதையின் நடுவில் இருந்தால் போதும். எல்லோரும் தலையாட்டி ஏற்றுக்கொள்ளும் நீதியைச் சொல்லும் நூல்கள் இந்த வேலைக்கு உதவுவதில்லை. நூல் மோசம் என்பதால் அப்படிச் சொல்லவில்லை. அதைப் படித்தபின் 'ஆமாம்' என்பதற்கு மேல் பேச எதுவும் இருக்காது. சுயமுன்னேற்ற நூல்களிலும் இதே சிக்கல். தன்வரலாறுகள் நன்றாக வேலை செய்யும். ஏனென்றால், ஒரு மனிதர் தன்னைப் பற்றிச் சொல்வதை எவ்வளவு நம்பலாம் என்பதே ஒரு நல்ல விவாதம்.

சிறுகதைத் தொகுப்பை யாரும் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. முதல் முறை செய்கிறவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். பன்னிரண்டு கதைகளில் ஒன்றை மட்டும் படித்தவரும் கூட்டத்துக்குத் தைரியமாக வரலாம். படித்து முடிக்கவில்லையே என்ற கூச்சம்தான் பலரை வாசலிலேயே நிறுத்துகிறது.

பள்ளிப் பாடத்தில் உள்ள நூல் வேண்டாம். பெரியவர்களுக்கும் அது தேர்வு நினைவைக் கொண்டுவரும்.

கடைசி மூன்று நூல்களுக்கும் ஒரு சோதனை வையுங்கள். இலக்கியக் கூட்டங்களுக்குப் போகாத ஆறு பேரைப் படிக்கச் சொல்லி, அரைமணி நேரம் பேச விட்டு, ஓரமாக உட்கார்ந்து கேளுங்கள். பேச்சு புத்தகத்தில் தொடங்கி, அவர்கள் சொந்த வாழ்க்கைக்குப் போய், மறுபடி புத்தகத்துக்குத் திரும்பி வந்தால் அது சரியான நூல். ஐந்து நிமிடத்தில் பேச்சு தீர்ந்து, எழுத்தாளரின் மற்ற படைப்புகளுக்குத் தாவினால் அது தனியாக வாசிக்க வேண்டிய நூல்.

வன்முறை, பாலியல், மதம், சாதி, இனம் பற்றிய பகுதிகள் நூலில் இருந்தால், எதிர்ப்பு வந்தபின் யோசிக்காதீர்கள். எந்தப் பக்கங்கள், ஏன் இந்த நூலைத் தேர்ந்தெடுத்தோம் என்று ஒரு பக்க விளக்கம் எழுதி, நூலகர்களிடமும் ஆசிரியர்களிடமும் முதலிலேயே கொடுத்துவிடுங்கள். எதிர்ப்பவரையும் கலந்துரையாடலுக்கு அழையுங்கள். அவரும் ஒரு வாசகர்தான்.

படி 4: உரிமை பேசுங்கள்

எழுத்தாளர் உயிரோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும், காப்புரிமைக் காலம் முடியாத நூலுக்குப் பதிப்பாளரிடம் எழுத்து மூலம் அனுமதி வாங்க வேண்டும். கடிதத்தில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கேளுங்கள்: சிறப்புப் பதிப்பு, மொழிபெயர்ப்பு, பொது இடத்தில் உரக்க வாசித்தல், வானொலியிலோ இணையத்திலோ ஒலிபரப்புதல், நாடகமாக்குதல், அட்டைப்படத்தைச் சுவரொட்டியில் பயன்படுத்துதல். இவை ஒவ்வொன்றும் தனித்தனி உரிமை. புத்தகத்தை விலை கொடுத்து வாங்கிவிட்டால் அதை ஒலிபரப்பவும் உரிமை வந்துவிடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி வருவதில்லை.

படி 5: பிரதிகளைக் கணக்கிடுங்கள்

வியன்னா ஒவ்வொரு முறையும் 1,00,000 பிரதிகளை அச்சிட்டு இலவசமாகக் கொடுக்கிறது. எல்லா ஊராலும் அது முடியாது. ஆனால் பிரதிகள் நகர்ந்துகொண்டே இருந்தால் குறைந்த எண்ணிக்கையிலும் நிறையப் பேரைச் சென்றடையலாம். ஒரு பிரதி ஒருவரிடம் இரண்டு வாரம் என்றால், எட்டு வாரத்தில் நான்கு கை மாறும். 500 பிரதி, அதிகபட்சம் 2,000 வாசகர். நடைமுறையில் பாதி பிரதிகள் எங்காவது ஒரு அலமாரியில் தங்கிவிடும் என்று எடுத்துக்கொண்டு, 1,000 முதல் 1,200 பேர் வரை எதிர்பார்க்கலாம்.

அட்டையின் உட்பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்டுங்கள். பெயர் வேண்டாம், வாங்கிய தேதி, படித்து முடித்த தேதி, 'எனக்குப் பிடித்த ஒரு வரி எந்தப் பக்கத்தில்' என்ற மூன்று கட்டங்கள் போதும். அடுத்து படிப்பவருக்கு, தனக்கு முன்னால் மூன்று பேர் இதே பக்கங்களில் நின்றிருக்கிறார்கள் என்று தெரியும். அதுவே ஒரு மௌனமான உரையாடல். கீழே 'முடித்ததும் இன்னொருவரிடம் கொடுங்கள்' என்று அச்சிடுங்கள்.

பிரதிகளை நூலகத்தில் மட்டும் குவித்து வைக்காதீர்கள். மருத்துவமனைக் காத்திருப்பு அறை, முடிதிருத்தும் கடை, தொழிற்சாலை உணவுக்கூடம், ரயில் நிலையம் என மனிதர்கள் சும்மா காத்திருக்கும் இடங்களுக்கு எடுத்துப் போங்கள்.

படி 6: வாசிக்க முடியாதவர்களை முதலில் எண்ணுங்கள்

இதைக் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அது நடக்கவே நடக்காது. அதனால் பிரதிகளுக்கு ஆர்டர் கொடுக்கும் அதே வாரத்தில் இதற்கும் வேலை தொடங்க வேண்டும்.

பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு பிரெய்ல், பெரிய எழுத்துப் பதிப்பு, ஒலிப்புத்தகம். 2013இல் உருவாகி 2016இல் நடைமுறைக்கு வந்த மராக்கேஷ் ஒப்பந்தம், அதை ஏற்றுக்கொண்ட நாடுகளில் அச்சு வடிவத்தைப் படிக்க இயலாதவர்களுக்கென இத்தகைய பிரதிகளைத் தயாரிக்கச் சட்டப்படி வழி செய்கிறது. பார்வையற்றோருக்கான நூலகங்களுக்கும் அமைப்புகளுக்கும் அந்த நடைமுறை தெரியும். அவர்களைக் கூட்டாளிகளாகச் சேர்த்துக்கொண்டால் வேலை பாதியாகக் குறையும்.

எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படுபவர்கள், வேலை முடிந்து கண் சோர்ந்து வருபவர்கள், படிக்கும் பழக்கமே விட்டுப்போனவர்கள் ஆகியோருக்கு உரக்க வாசிக்கும் அமர்வுகள் நடத்துங்கள். வாரம் ஒரு நாள், ஒரே இடம், ஒரே நேரம், 40 நிமிடம். நல்ல குரல்வளம் தேவையில்லை. நிதானமாக, நிறுத்தங்களை மதித்து வாசிப்பவர் போதும். எழுத்தைப் பார்த்துப் பழகாத பெரியவர்கள் கதைமாந்தர்களை எடைபோடும் விதம், நிறையப் படித்தவர்களை வாயடைக்க வைக்கும். அப்படிப்பட்ட ஒரு அமர்வில் ஒரு பாட்டி, "அவன் கெட்டவன் இல்லை, அவனுக்குத் தூக்கம் இல்லை, அவ்வளவுதான்" என்றார். அந்த நாவலை நான் அதற்குமுன் இரண்டு முறை படித்திருந்தேன். தூக்கத்தைப் பற்றி எண்ணிப் பார்த்ததே இல்லை.

சிறுவர்களுக்கு அதே கருவைத் தொடும் ஒரு படக்கதையோ சிறுவர் நூலோ துணை நூலாக வையுங்கள். பெற்றோரும் பிள்ளையும் ஒரே விஷயத்தை வேறு வேறு நூல்களில் படித்துவிட்டு வீட்டில் பேசலாம்.

படி 7: கலந்துரையாடல் நடத்துபவர்களைப் பழக்குங்கள்

திட்டத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. பேராசிரியர்களைத் தேட வேண்டாம். பேச்சை விடக் கேட்பதில் ஆர்வம் உள்ளவர்களைத் தேடுங்கள். செவிலியர், பேருந்து நடத்துநர், ஓய்வுபெற்ற எழுத்தர், கல்லூரி மாணவி என்று யாராகவும் இருக்கலாம். இருபது பேரை அழைத்து, அதே நூலை வைத்து இரண்டு மாதிரிக் கூட்டங்கள் நடத்திக் காட்டினால் பன்னிரண்டு நல்ல நடத்துநர்கள் கிடைப்பார்கள்.

ஒரு குழுவில் எட்டு முதல் பன்னிரண்டு பேர். அதற்கு மேல் போனால் இரண்டாகப் பிரியுங்கள். வட்டமாக உட்காருங்கள்; மேடை, ஒலிவாங்கி வேண்டாம். நேரம் ஒன்றரை மணி.

முதல் கேள்வியில் கவனம் தேவை. "புத்தகம் எப்படி இருந்தது?" என்று ஒருமுறை நான் ஆரம்பித்தேன். பதினொரு பேரும் வரிசையாக "நன்றாக இருந்தது" என்றார்கள். அதற்குப் பிறகு அந்த அறையை எழுப்பவே முடியவில்லை. பிடித்ததா என்று கேட்டால் பிடித்தது என்பார்கள், அது மரியாதை. அதற்குப் பதிலாக நூலின் உள்ளே ஒரு இடத்தைக் காட்டிக் கேளுங்கள்:

"எந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தீர்கள்?"

"இவர்களில் யாரை உங்கள் வீட்டுக்குள் விடத் தயங்குவீர்கள்?"

"கதையில் ஒருவர் பேசியிருக்க வேண்டிய இடத்தில் பேசவில்லை. எந்த இடம்?"

"கடைசி அத்தியாயம் இல்லாமல் இருந்தால் கதை உங்களுக்கு எப்படி முடிந்திருக்கும்?"

கேள்வி கேட்டபின் பத்து விநாடி அமைதியைத் தாங்கிக்கொள்ளப் பழக வேண்டும். புதிதாக நடத்துபவர்கள் மூன்றாம் விநாடியிலேயே தாங்களே பதில் சொல்லிவிடுகிறார்கள். பத்து விநாடி கழித்துப் பேசுபவர்தான் பெரும்பாலும் அன்று மறக்க முடியாத ஒன்றைச் சொல்வார்.

ஒருவரே பேசிக்கொண்டிருந்தால், அவர் சொன்னதில் ஒரு சொல்லை எடுத்து, "இதில் வேறு மாதிரி நினைப்பவர் யார்?" என்று வட்டத்தை நோக்கித் திரும்புங்கள். அவரை அடக்கியதாகவும் இருக்காது. கருத்து மோதல் முற்றிப்போனால், "எந்தப் பக்கத்தில் அப்படித் தோன்றியது?" என்று கேளுங்கள். எல்லோரும் பக்கத்தைப் புரட்டும்போது சூடு தணியும்; பேச்சு மறுபடி நூலுக்குள் வந்துவிடும். முடிக்காதவர்களை, "எதுவரை வந்திருக்கிறீர்கள்? அதுவரை யார் பக்கம் இருக்கிறீர்கள்?" என்று கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முக்கியமாக, கூட்டத்தை முடிக்கும்போது நடத்துநர் கருத்தைத் தொகுத்துச் சொல்ல வேண்டாம். வீட்டுக்குப் போகும் வழியிலும் அவர்கள் வாதம் தொடரட்டும்.

படி 8: நிகழ்ச்சிகள்

எழுத்தாளர் வருவதாக இருந்தால் கடைசி வாரத்தில் அழையுங்கள். முதல் வாரத்திலேயே அவர் வந்து, நான் இதைத்தான் சொல்ல நினைத்தேன் என்று விளக்கிவிட்டால், மக்கள் தங்கள் கருத்தைச் சொல்லத் தயங்குவார்கள். கடைசியில் வந்தால் வாசகர்களிடம் எட்டு வாரத்துக் கேள்விகள் சேர்ந்திருக்கும். உரை இருபது நிமிடம், கேள்வி ஒரு மணி நேரம் என்று முதலிலேயே அவரிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

மற்றபடி நூல் எதைத் தொடுகிறதோ அதை ஒட்டி நான்கைந்து நிகழ்ச்சி போதும். கதை நீதிமன்றத்தில் நடந்தால் வழக்குரைஞர்களை வைத்து ஒரு மாதிரி விசாரணை, கடலில் நடந்தால் மீனவரோடு ஓர் உரையாடல். முப்பது நிகழ்ச்சி அறிவித்து ஒவ்வொன்றிலும் ஆறு பேர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் தன்னார்வலர்கள் சோர்ந்துவிடுவார்கள்.

படி 9: விளம்பரமும் பணமும்

புத்தகத்தின் பெயரை வாசிப்புக் காலத்துக்கு இரண்டு மாதம் முன்பு அறிவியுங்கள். சுவரொட்டியில் அட்டைப்படமும், கதையின் நடுவில் இருக்கும் அந்த ஒரு கேள்வியும் இருந்தால் போதும். சிகாகோவில் நாவலின் தலைப்பிலுள்ள பறவை உருவம் பொறித்த சட்டைப்பின்களைக் கொடுத்தார்கள். பின்னைப் பார்த்ததும் அறிமுகமில்லாதவரோடும் பேசத் தொடங்கலாம் அல்லவா? செலவு குறைந்த, மிகப் பொருத்தமான யோசனை.

பணத்தில் பெரும்பகுதி பிரதிகளுக்கும், மாற்று வடிவங்களுக்கும் போகட்டும். நன்கொடை தருபவருக்குப் புத்தகத் தேர்வில் குரல் இல்லை என்பதை எழுத்தில் வையுங்கள்.

படி 10: கணக்கெடுங்கள்

எத்தனை பிரதி கொடுத்தோம் என்ற எண் எளிதாகக் கிடைக்கும். அது சொல்வதும் கொஞ்சம்தான். நூலகத்தில் காத்திருப்புப் பட்டியல் எவ்வளவு நீண்டது, எத்தனை கலந்துரையாடல்கள் நடந்தன, எத்தனை பேர் வந்தார்கள், அவர்களில் முதல்முறை வந்தவர்கள் எத்தனை, புதிதாக நூலக உறுப்பினர் ஆனவர்கள் எத்தனை என்று குறித்து வையுங்கள். கூட்டம் முடிந்ததும் ஒரு சிறிய அட்டையைக் கொடுத்து மூன்றே கேள்விகள் கேளுங்கள்: இந்த ஆண்டு இதற்குமுன் வேறு புத்தகம் படித்தீர்களா? இன்று இதற்குமுன் அறியாத யாருடனாவது பேசினீர்களா? அடுத்த முறை எந்த நூல்?

எட்டு வாரம் முடிந்ததும் திரும்பி வந்த பிரதிகளின் உட்பக்கச் சீட்டுகளைப் பிரித்து நூலக வாசலில் ஒரு பலகையில் ஒட்டுங்கள். எந்தப் பக்கத்தை அதிகம் பேர் குறித்திருக்கிறார்கள் என்று அங்கே நின்றே எண்ணிப் பார்க்கலாம். புத்தகங்களைப் பள்ளிகளுக்கும் விடுதிகளுக்கும் கொடுத்துவிடலாம். தொடர்ந்து சந்திக்க விரும்பும் குழுக்களுக்கு நூலகத்தில் ஒரு மாலை நேரத்தை ஒதுக்கிக் கொடுங்கள். அடுத்த நூலை அவர்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளட்டும்.